நாகா என்றால் நாகமா? பிகோல் நகரம் ஒன்றும் அதன் ஊர்ப்பெயர்களும்

பதிவு 1 | கரிசல்காட்டான்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் தென்கிழக்கே வால்போல நீளும் நிலப்பகுதிக்குப் பிகோல் என்று பெயர். மணிலாவிலிருந்து சுமார் 380 கி.மீ. தொலைவில், அந்த வாலின் நடுவில், ஆற்றங்கரையில் இருக்கும் நகரம் நாகா. மக்கள்தொகை இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டும். மகள் லெகாஸ்பியில் மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போது நாகாவிலும் தங்கிவிட்டு வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. இந்த மன்றத்தில் ஊர்ப்பெயர்ப் பைத்தியங்களுக்குக் குறைவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஊருக்கு இரண்டு பெயர்கள். ஸ்பானியர் வருமுன்பே ஆற்றங்கரையில் நாகா என்ற குடியிருப்பு இருந்தது. 1573இல் ஹுவான் தெ சல்செதோ படையோடு பிகோலுக்குள் நுழைந்தார். 1575இல் பெத்ரோ தெ சாவெஸ் என்ற தளபதி, அந்தக் குடியிருப்புக்கு எதிரே ஒரு ஸ்பானிய நகரத்தை நிறுவி அதற்குக் காசெரெஸ் என்று பெயர் வைத்தார். ஏன் காசெரெஸ்? அப்போதைய கவர்னர் ஜெனரல் பிரான்சிஸ்கோ தெ சாந்தே பிறந்த ஊர் ஸ்பெயினிலுள்ள காசெரெஸ். மேலதிகாரியின் மனம் குளிர ஊருக்குப் பெயர் வைக்கும் பழக்கம் அன்றே இருந்திருக்கிறது. பிறகு அது நுவேவா காசெரெஸ், அதாவது புதிய காசெரெஸ், என்று நிலைத்தது. 1595இல் பிகோல் முழுமைக்குமான கத்தோலிக்க மறைமாவட்டத்துக்குத் தலைமையிடமும் ஆனது.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அரசு ஏடுகளில் அதுதான் பெயர். அமெரிக்கர் ஆட்சியில், 1919இல், ஊர் மறுபடியும் நாகா ஆனது. 1948இல் நகரச் சாசனம் வந்தபோதும் நாகா என்ற பெயரிலேயே வந்தது. ஆனால் பழைய பெயரும் வீட்டைக் காலி செய்யவில்லை. பேராயர் இன்றும் காசெரெஸ் பேராயர்தான். 1948இல் தொடங்கிய பல்கலைக்கழகம் நுவேவா காசெரெஸ் பல்கலைக்கழகம். ஏசு சபையினர் 1940இல் தொடங்கிய கல்விக்கூடமோ அத்தெனெயோ தெ நாகா. ஒரே ஊரில் ஒரு பல்கலைக்கழகம் ஒரு பெயரையும் மற்றொன்று மற்றொரு பெயரையும் வைத்துக்கொண்டிருக்கிறது.

நகருக்குள் 27 பரங்காய்கள். பரங்காய் என்பது அந்நாட்டு நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகு. நம் வார்டுக்கும் ஊராட்சிக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பலாங்காய் என்ற மரப்படகின் பெயர்தான் அதில் ஏறி வந்த கூட்டத்துக்கும், பிறகு அந்தக் கூட்டம் குடியேறிய இடத்துக்கும் ஆனது. நாகாவின் பரங்காய்ப் பட்டியல் ஓர் அடுக்குப் பாறை. அடியில் பிகோல் சொற்கள்: சபாங் என்றால் ஆற்றுமுகம். தினாகோ என்றால் ஒளிந்திருப்பது. மபோலோ ஒரு பழமரம். தாகா என்றால் மண். தினாகா என்ற பரங்காயின் பெயரில் அந்த மண் தெரிகிறது, மண்கொட்டி மேடாக்கிய இடமாக இருக்கவேண்டும். அதன்மேல் ஸ்பானிய அடுக்கு: சான் பெலிப்பே, சாந்தா குரூஸ், பெரிய கொன்செப்சியோன், சிறிய கொன்செப்சியோன். சமத்துவம் என்று பொருள்படும் இகுவால்தாத் ஒன்று. வெறுமனே முக்கோணம் என்று சொல்லும் திரியாங்குலோ ஒன்று; அதற்குப் பெயர் வைத்தவர் அன்றைக்கு மிகவும் களைத்துப் போயிருப்பார்.

நாகா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று உள்ளூரில் யாரைக் கேட்டாலும் "மரம்" என்கிறார்கள். நாடு முழுக்க நாரா என்று அறியப்படும் மரத்துக்குப் பிகோல் மொழியில் நாகா என்று பெயர். 1934இல் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டதும் அதுவே. நம்மவர் யாரேனும் இதைப் பற்றி மேலும் அறிந்திருந்தால் சொல்லுங்கள்.

பதிவு 2 | நாகநாட்டு வேந்தன்

மரமாவது மட்டையாவது! நாகப்பட்டினம், நாகர்கோவில், யாழ்ப்பாணத்து நாகதீபம், நாகா. கடலோடிய நாகர் குலம் போன இடமெல்லாம் தன் பெயரை விட்டுச் சென்றது என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்? அதே நாட்டில் செபு நகரத்தை நிறுவியவர் ஸ்ரீ லுமாய் என்ற சோழ இளவரசர். விசாயா என்ற தீவுக்கூட்டத்தின் பெயரே விசயம்தான், ஸ்ரீவிசயப் பேரரசின் விசயம். உள்ளூர்க்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள். நானூறு ஆண்டு அடிமைத்தனத்தில் அவர்கள் மறந்ததை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பதிவு 3 | அங்சானா நிழல்

கரிசல்காட்டான் ஐயா சொல்லும் மரத்தை நான் தினமும் பார்க்கிறேன். சிங்கப்பூரில் அதற்கு அங்சானா என்று பெயர். என் அடையாளப் பெயரே அதிலிருந்து எடுத்ததுதான். தீவைப் பசுமையாக்க வேண்டும் என்று அரசு முனைந்த காலத்தில், தடித்த கிளையை வெட்டி நட்டாலே வேர்விட்டு விரைவில் நிழல் தரும் என்பதால், சாலையோரம் எங்கும் இதை வைத்தார்கள். பூக்கும் காலத்தில் ஒருநாள் காலையில் மரம் முழுக்க மஞ்சளாகிவிடும். மறுநாள் மஞ்சள் அத்தனையும் தார்ச்சாலையில் கிடக்கும். காய் வட்டமாக, தட்டையாக, நடுவில் விதையும் சுற்றிலும் மெல்லிய இறகுமாக இருக்கும். பொரித்த முட்டையைச் சிறிதாக்கியது போல.

தாவரவியலில் இது நம் வேங்கைக்கு உடன்பிறப்பு. இரண்டும் டெரோகார்ப்பஸ் என்ற ஒரே பேரினம். நம் மலைகளில் இருப்பது டெரோகார்ப்பஸ் மார்சூப்பியம், அவர்களுடையது டெரோகார்ப்பஸ் இண்டிகஸ். செஞ்சந்தனமும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

பதிவு 4 | நாகநாட்டு வேந்தன்

மரத்துக்கு நாகா என்ற பெயர் எப்படி வந்தது தம்பி? பாம்பு வாழ்ந்த மரம் என்பதால் வந்திருக்கும். சுற்றி வளைத்தாலும் நாகத்திடம்தான் வந்து நிற்கிறீர்கள்.

பதிவு 5 | ஈப்போக்காரி

வேந்தன் அண்ணா, மலாய் தெரிந்தவர்களுக்கு இந்தப் புதிர் அரை நிமிட வேலை.

மலாயில் நரம்புக்கு ஊராட். பிகோலில் ஊகாட். மலாயில் தென்னைக்கு ஞியூர். பிகோலில் நியோக். மலாயில் வாலுக்கு ஏகோர். பிகோலில் இகோக். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: மலாயில் 'ர' வரும் இடத்தில் பிகோலில் 'க' வருகிறது. இது தற்செயல் ஒற்றுமை இல்லை. இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான பழைய மொழியில் ஒரு தனி ஒலி இருந்தது. அது மலாயில் 'ர' ஆகவும், தகாலோக், பிகோல், செபுவானோ மொழிகளில் 'க' ஆகவும் பிரிந்தது. ஆஸ்திரோனேசிய மொழியியலில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்த விதி.

இப்போது மரத்துக்கு வாருங்கள். நாரா, நாகா. அதே 'ர', அதே 'க'. ஆக, பிகோலின் நாகா என்பது நாரா என்ற மரப்பெயரின் முறையான உள்ளூர் வடிவம். சமஸ்கிருத நாகத்துக்கு இங்கே வேலையே இல்லை. சமஸ்கிருதச் சொல் கப்பலேறி வந்திருந்தால் மலாயிலும் 'நாகா' என்றே இருக்கும். அப்படித்தான் இருக்கிறது: மலாயில் நாகா என்றால் கடல்நாகம், டிராகன். அது வேறு சொல், இது வேறு சொல். முகம் ஒன்றாக இருப்பதால் உறவினர் ஆகிவிடமாட்டார்கள்.

செபு தீவிலும் நாகா என்று ஒரு நகரம் உண்டு. செபுவானோ மொழியிலும் அந்த மரத்துக்கு நாகா என்றுதான் பெயர். ஒரே குலம் மரங்களோடு சொல்லி வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் குடியேறியது என்று வாதிடப் போகிறீர்களா?

பதிவு 6 | பொதிகைச் சாரல்

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியன். அங்சானா நிழல் வேங்கையை இழுத்துவிட்டதால் வாயைத் திறக்கிறேன்.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் வேங்கை மரக் குவளை விற்பார்கள். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். மருத்துவப் பலன் பற்றி நான் பேசப் போவதில்லை. நான் சொல்ல வருவது தண்ணீரின் நிறத்தைப் பற்றி. குவளையில் ஊறிய நீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, சன்னலருகே வெயிலில் வைத்து, பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடியுங்கள். வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் தேநீர்ப் பழுப்பு. வெளிச்சம் விழும் பக்கத்திலிருந்து பார்த்தால் விளிம்பில் நீலம் மிதக்கும். பள்ளியில் வருடாவருடம் மாணவர்களுக்கு இதைக் காட்டுவேன். சாயம் போட்டிருக்கிறீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள்.

இதே வித்தையால்தான் ஐரோப்பா ஒரு காலத்தில் மயங்கிக் கிடந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய வைத்தியர் மொனார்தெஸ், நீரை நீலமாக்கும் ஒரு மரத்தைப் பற்றி எழுதினார். சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து என்று பெயர் வாங்கிய மரம். அதில் கடைந்த குவளைகள் அரசர்களுக்குக் காணிக்கையாகப் போயின. 1646இல் கிர்ச்சர் என்ற ஏசு சபை அறிஞர் அப்படியொரு குவளையை வைத்துச் சோதனை செய்து எழுதினார். வேதியியல் அறிஞர் ராபர்ட் பாயில் என்பவரும் இதைக் கையில் எடுத்தார். ஒளிர்தல் என்று இன்று நாம் சொல்லும் நிகழ்வைப் பற்றிய முதல் ஆராய்ச்சிகள் இவை. எல்லாம் மெக்சிகோவிலிருந்து வந்ததால் மரமும் மெக்சிகோ மரம் என்றே நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1915இல் அமெரிக்கத் தாவரவியலாளர் சாஃபோர்ட் முடிச்சை அவிழ்த்தார்: சம்பந்தப்பட்ட மரங்கள் இரண்டு. ஒன்று மெக்சிகோவின் சிறுமரம். மற்றொன்று பிலிப்பைன்ஸின் நாரா. பெரிய குவளைகள் நாராவில் கடைந்தவை. மணிலாவிலிருந்து அகாபுல்கோவுக்குப் போன கலியோன் கப்பல்களில் ஏறி, மெக்சிகோ வழியாக ஐரோப்பா சேர்ந்தவை.

அந்தக் குவளைகளைக் கடைந்த இடம் தெற்கு லூசோன், குறிப்பாக நாகா சுற்றுவட்டாரம். ஊருக்கு மரத்தின் பெயர் வந்ததில் என்ன வியப்பு? ஊரின் பிழைப்பே அந்த மரத்தில் கொஞ்சம் நடந்திருக்கிறது.

பதிவு 7 | கரிசல்காட்டான்

சாரல் ஐயா, நாகாவில் இத்தனை முறை சுற்றியும் அந்தக் குவளையைப் பற்றி என்னிடம் யாரும் சொன்னதில்லை. அங்கே விற்பனைக்கு இருப்பதெல்லாம் பிலி கொட்டை மிட்டாய்தான். பிலி என்றதும் நினைவு வருகிறது: காமரீனஸ் சூர் மாகாணத்தின் தலைநகர் நாகா இல்லை. பக்கத்து ஊரான பிலி. 1955இல் சட்டம் போட்டுத் தலைநகரை அங்கே மாற்றினார்கள். அந்த ஊருக்குப் பெயர் தந்ததும் மரம்தான், பாதாம் மாதிரிக் கொட்டை தரும் பிலி மரம். மரப்பெயர் தாங்கிய ஓர் ஊர் இழந்த பதவியை மரப்பெயர் தாங்கிய இன்னோர் ஊர் பெற்றுக்கொண்டது.

காமரீனஸ் என்ற மாகாணப் பெயர் நெற்களஞ்சியத்திலிருந்து வந்தது. களஞ்சியத்துக்கு உள்ளூரில் கமாலிக், ஸ்பானியத்தில் கமரீன். நாகாவுக்குப் பக்கத்தில் கமாலிகான் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்த 'ஆன்' விகுதி இடத்தைக் குறிப்பது: களஞ்சியம் உள்ள இடம். வடக்கே பங்காசினான் மாகாணம் அதே அச்சு. ஆசின் என்றால் உப்பு. பங்காசினான் உப்பு விளையும் இடம். ஆற்றுக்கு அக்கரையில் கையின்சா என்றொரு சிற்றூர். அது 19ஆம் நூற்றாண்டில் நாகாவில் பிஷப்பாக இருந்த பிரான்சிஸ்கோ கையின்சாவின் பெயர். பெண்களுக்குச் சாந்தா இசபெல் கல்லூரியைத் தொடங்கியவர் அவர்.

கவனித்தீர்களா, மண்ணில் கால் வைத்தவர்கள் வைத்த பெயர்களில் மரமும் நெல்லும் உப்பும் இருக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வைத்தவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் படித்த வரையில் இதற்கு விலக்குகள் குறைவு.

பதிவு 8 | கொழும்புத்துறையான்

கப்பலில் பிலிப்பினோ மாலுமிகளோடு வேலை செய்கிறவன் நான். சமையலறையில் அவர்கள் பெரிய வெங்காயத்துக்குச் சிபுயாஸ் பொம்பாய் என்பார்கள். பம்பாய் வெங்காயம்! இலங்கையில் நாங்களும் அதைப் பம்பாய் வெங்காயம் என்றுதான் சொல்கிறோம். தமிழ்நாட்டுத் தோழர் ஒருவருக்கு மட்டும் அது விளங்கவில்லை; பெரிய வெங்காயம் என்றால்தான் தெரியுமாம். அங்கே இந்தியர்களைப் பொதுவாகப் பும்பாய் என்றே அழைப்பார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து வட்டிக்குக் கடன் கொடுக்கும் பஞ்சாபியர் முதற்கொண்டு எல்லாருக்கும் அதே பெயர். ஓர் ஊர்ப்பெயர் ஒரு நாட்டு மக்களையும் ஒரு மரக்கறியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

இழைக்குச் சம்பந்தம் இல்லாவிட்டால் ஆறுதலாக அழித்துவிடுங்கள்.

பதிவு 9 | மட்டுறுத்துநர்

சம்பந்தம் இருக்கிறது, இருக்கட்டும். வேந்தன் அவர்களே, பிற உறுப்பினர்களைத் "தாய்மொழிப் பற்றில்லாதவர்கள்" என்று குறிப்பிட்ட உங்கள் அடுத்த பதிவை நீக்கியிருக்கிறேன். வாதத்தை மட்டும் எழுதுங்கள்.

பதிவு 10 | நாகநாட்டு வேந்தன்

சரி. வாதமே எழுதுகிறேன். நாகா மரத்தை ஒரு பக்கம் வையுங்கள். செபுவுக்கு என்ன பதில்? சோழ இளவரசர் கதை அவர்களுடைய வாய்மொழி மரபிலேயே இருக்கிறது. மிந்தனாவோவில் தங்கச் சிலை கிடைத்தது. இவற்றையும் 'ர', 'க' விதியால் கழுவிவிட முடியுமா?

பதிவு 11 | செப்பேட்டுப் பித்தன்

கழுவ வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் போதும்.

ஸ்ரீ லுமாய் கதை நமக்குக் கிடைப்பது 20ஆம் நூற்றாண்டில் எழுத்தில் வந்த ஒரு செபுவானோப் பாடலின் வழியாக. அதற்கு முந்தைய ஆவணம் எதிலும் சோழ இளவரசர் இல்லை. 1521இல் மெகல்லனோடு செபுவில் இறங்கிய பிகாபெத்தா, அங்கே ஆண்ட ஹுமாபோனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பாட்டனார் சோழர் என்று ஒரு வரி இல்லை. ஆனால் அவர் எழுதியதில் நமக்குச் சுவையான ஓர் இடம் உண்டு. துறைமுகத்தில் இருந்த முஸ்லிம் வணிகர் ஒருவர் அரசனிடம், இவர்கள்தான் கள்ளிக்கோட்டையையும் மலாக்காவையும் பிடித்தவர்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று காதைக் கடிக்கிறார். கள்ளிக்கோட்டையின் செய்தி செபு வரை எட்டியிருக்கிறது. இதுதான் தொடர்பு என்பது. இதற்கு இளவரசர் தேவைப்படவில்லை.

செபுவின் பழைய பெயர் சுக்பு. சுக்போ என்ற வினைக்கு நீரில் இறங்கி நடப்பது என்று பொருள். ஆழமில்லாத கரை, படகிலிருந்து குதித்து நடந்துதான் கரையேற வேண்டும். விசாயாவை ஸ்ரீவிசயத்தோடு கட்டுவதற்கும் ஒலி ஒற்றுமை தவிர ஆதாரம் இல்லை.

தங்கச் சிலை உண்மை. 1917இல் மிந்தனாவோவின் அகுசானில் கிடைத்தது, இரண்டு கிலோவுக்குச் சற்றே குறைவான எடை, இன்று சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பௌத்தத் தாரையா வேறு தெய்வமா என்று பேச்சு ஓய்ந்தபாடில்லை. இந்தியக் கலைமரபு ஜாவா வழியாக அங்கே போனது என்பதை யாரும் மறுக்கவில்லையே.

என் தொழிலுக்கு வருகிறேன். 1980களின் இறுதியில் லகுனா மாகாணத்தில், லும்பான் ஆற்றில் மணல் அள்ளியபோது ஒரு செப்புத் தகடு கிடைத்தது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900. எழுத்து, காவி எனப்படும் பழைய ஜாவா எழுத்து. அந்த எழுத்தின் வேர் பல்லவ எழுத்தில் இருக்கிறது. மொழி பழைய மலாய், இடையிடையே சமஸ்கிருதமும் பழைய ஜாவானியமும். செய்தி ஒரு கடன் தீர்ப்பு: நம்வரான் என்பவர் பட்டிருந்த 1 காட்டி 8 சுவர்ணம் பொன் கடன் தள்ளுபடி செய்யப்பட்டது, அவர் பிள்ளைகளிடம் யாரும் கேட்கக் கூடாது. சாட்சியாகத் தலைவர்களின் பெயர்களும் அவர்களின் ஊர்களும்: துண்டுன், புலிரான், பைலா, பின்வாங்கான். துண்டுன் இன்றைய மணிலாவின் தொண்டோ. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் ஓர் ஊர்ப்பெயர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வேந்தன் தம்பி, புலிரான் என்றதும் புலிக்கொடி ஏற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று. தமிழ் மண்ணிலிருந்து ஆட்கள் உண்மையாகவே பிலிப்பைன்ஸுக்குப் போய்த் தங்கிய வரலாறு ஒன்று இருக்கிறது. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்தபோது அந்தப் படை கிளம்பிய துறை சென்னை. கூடப் போனவர்களில் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். 1764இல் ஆங்கிலேயர் திரும்பியபோது சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயின்டாவில் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்தோரை இன்றும் அங்கே அடையாளம் சொல்வார்கள். ஆனால் காயின்டா என்ற பெயருக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் போவதற்கு நெடுங்காலம் முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்தது. நம்மவர் போன ஊரின் பெயரில் தமிழ் இல்லை. தமிழ்போல ஒலிக்கும் ஊருக்கு நம்மவர் போனதற்குச் சான்று இல்லை. பெயரை மட்டும் வைத்து வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

பதிவு 12 | ஈப்போக்காரி

ஒன்றை வேந்தன் அண்ணாவுக்கு விட்டுக்கொடுக்கலாம். மணிலா.

மணிலாவின் பெயர் நிலாட் என்ற சதுப்புநிலச் செடியிலிருந்து வந்தது என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். அப்படியானால் கடைசி 'ட்' எங்கே போனது? தகாலோக் மொழியில் அப்படி வாலை உதிர்க்கும் வழக்கம் இல்லை. மாய் என்றால் 'உண்டு'. நிலா என்றால் நீலச் சாயம் தரும் அவுரி. மாய்நிலா, அவுரி உள்ள இடம். அந்த நிலா என்ற சொல் சமஸ்கிருத நீலத்திலிருந்து போனது; நாமும் அதே நீலத்தைத்தான் வைத்திருக்கிறோம். இங்கே ஒலியும் சரியாக இருக்கிறது, பொருளும் பொருந்துகிறது, அவுரியும் அங்கே விளைந்தது.

இன்னொரு பக்கம் சம்போவாங்காவைப் பாருங்கள். மலாயில் ஜம்பாங்கான் என்றால் பூச்சாடி, அதனால் அது பூக்களின் நகரம் என்று விளம்பரப் பலகைகளில் எல்லாம் எழுதிவிட்டார்கள். பழைய வடிவம் சம்போவாங்கான். படகைக் கட்டும் கழி ஊன்றிய துறை. மலரை விற்க முடியும், கழியை விற்க முடியாது என்பதுதான் அதில் நடந்த அரசியல்.

பதிவு 13 | அங்சானா நிழல்

கரிசல்காட்டான் ஐயா, நாகாவில் செப்டம்பரில் பெரிய திருவிழா என்று இங்கே பணிபுரியும் பிகோல் பெண்கள் சொல்வார்கள். அந்த வாரம் விடுப்புக் கிடைக்காவிட்டால் அழுதே விடுவார்கள். அதற்கும் ஊர்ப்பெயருக்கும் தொடர்பு உண்டா?

பதிவு 14 | கரிசல்காட்டான்

உண்டு. நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் முதல் பதிவில் ஒரு பரங்காயை விட்டுவைத்தேன். பெனியாபிரான்சியா.

ஸ்பெயினின் சலமான்கா பக்கம் பெனியா தெ பிரான்சியா என்று ஒரு மலை. பிரான்சின் பாறை என்று பொருள். 1434இல் சிமோன் வேலா என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே மாதா சிலை ஒன்றைக் கண்டெடுத்தார். அந்த மாதாவின்மேல் பக்தி கொண்ட ஸ்பானியக் குடும்பத்தைச் சேர்ந்தவர் மிகேல் ரொப்லெஸ் தெ கொவருபியாஸ். நோயிலிருந்து மீண்டால் மணிலாவின் பாசிக் ஆற்றங்கரையில் கோவில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். குருப்பட்டம் பெற்றதோ நுவேவா காசெரெஸில். ஆகவே 1710இல் நேர்த்திக்கடனைப் பாசிக் கரையில் செலுத்தாமல் இந்த ஆற்றங்கரையில் செலுத்தினார். பிரான்சின் பெயர் ஸ்பானிய மலைக்குப் போய், மலையின் பெயர் மாதாவுக்குப் போய், மாதாவின் பெயர் பிகோலில் ஒரு பரங்காய்க்கும் ஒரு சாலைக்கும் பேராலயத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் ஊரில் யாரும் மாதாவை அந்த நீண்ட பெயரால் அழைப்பதில்லை. இனா என்பார்கள். அம்மா.

விழாவில் சிலையைக் கோவிலிலிருந்து கதீட்ரலுக்குத் தோளில் தூக்கி வருவார்கள். ஒன்பது நாள் வேண்டுதலுக்குப் பிறகு ஆற்றுவழியே படகில் திரும்பும். சிலையைத் தூக்கும் ஆண்களுக்கு வொயாதோர் என்று பெயர். வெறுங்காலோடு, தலையில் துணி கட்டி, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து வருவார்கள். சிலை ஒரு தெருமுனையைத் திரும்பவே வெகுநேரம் பிடிக்கும். "வீவா லா விர்ஹென்!" என்று ஒருவர் கத்தினால் தெரு முழுக்க "வீவா!" என்று எழும். 1972இல் ஆற்றுவிழாவைப் பார்க்கக் கூடிய கூட்டத்தின் பாரம் தாங்காமல் கொல்காந்தே பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வயதானவர்கள் இன்றும் அதைப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். கொல்காந்தே என்றால் தொங்குவது. பழைய தொங்குபாலத்தின் பெயர் இடத்தோடு ஒட்டிக்கொண்டது.

நகரின் விருதுவாக்கு அன் மாஓக்மாங் லுகார், மகிழ்ச்சியான இடம். மகிழ்ச்சி பிகோல் சொல், இடம் ஸ்பானியச் சொல். ஊரின் இரண்டு பெயர்களும் செய்துகொண்ட சமரசம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நகர நடுவிலுள்ள ஒரு சதுக்கத்துக்குப் பதினைந்து பிகோல் தியாகிகளின் பெயர்; அவர்களில் பதினொருவர் 1897 ஜனவரியில் மணிலாவில் சுட்டுக்கொல்லப்பட்டவர்கள். விளையாட்டரங்கத்துக்கு ஜெஸ்ஸி ரொப்ரெடோவின் பெயர். 1988இல் மேயராகி, நகர நிர்வாகத்துக்காக 2000இல் மகசேசே விருது பெற்று, 2012இல் விமான விபத்தில் இறந்தவர். நாற்காலிக்காரர்களின் பெயர் பற்றி ஏழாம் பதிவில் கொஞ்சம் இளக்காரமாக எழுதினேன்; ரொப்ரெடோ பெயரை ஊர் விரும்பித்தான் வைத்திருக்கிறது.

பதிவு 15 | நாகநாட்டு வேந்தன்

மணிலாவை ஒப்புக்கொண்டதற்கு ஈப்போ அக்காவுக்கு நன்றி. செபுவை நான் விடுவதாக இல்லை. வாய்மொழி மரபு என்றாலே பொய் என்று தள்ளும் போக்கை ஏற்கமாட்டேன். வேங்கைக் குவளைச் செய்தி மட்டும் அருமை. சாரல் ஐயா சொன்னபடி கறுப்புத் துணியோடு சோதித்தேன், நீலம் தெரிந்தது.

பதிவு 16 | கொழும்புத்துறையான்

ஒரு கேள்வி. எங்கள் கப்பலில் அல்பாய் மாகாணத்து மாலுமிகள் மூவர். ஒருவருக்கொருவர் உறவில்லை, ஆனால் மூவருடைய குடும்பப்பெயரும் ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்குகிறது. இதுவும் ஊர்ப்பெயர் விவகாரமா?

பதிவு 17 | செப்பேட்டுப் பித்தன்

அவர்கள் ஓவாஸ் ஊரைச் சேர்ந்தவர்களா என்று கேட்டுப் பாருங்கள். 1849இல் கவர்னர் ஜெனரல் கிளவேரியா, வரி வசூலுக்குக் குழப்பமாக இருக்கிறது என்று குடிமக்கள் எல்லாருக்கும் குடும்பப்பெயர் வைக்க உத்தரவிட்டார். அகரவரிசையில் பெயர்ப் பட்டியல் அச்சிட்டு மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். பிகோலில் சில அதிகாரிகள் வேலையை எளிதாக்கிக்கொண்டார்கள்: பட்டியலைக் கிழித்து, ஊருக்கு ஓர் எழுத்து என்று பங்கிட்டுவிட்டார்கள். ஓவாஸுக்கு 'ஆர்' பக்கங்கள் போயின. அங்கே பெரும்பாலானோர் குடும்பப்பெயர் இன்றும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. பெயரைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடுவார்கள்.

பதிவு 18 | கொழும்புத்துறையான்

கேட்டேன். இருவர் ஓவாஸ். மூன்றாமவர் பக்கத்து ஊர், தாய்வழிப் பாட்டன் ஓவாஸாம். "உனக்கு எப்படித் தெரியும்" என்று மூவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பதிவு 19 | மட்டுறுத்துநர்

குடும்பப்பெயர் பற்றிய தொடர்ச்சிக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். 16 முதல் உள்ள பதிவுகளை அங்கேயும் படியெடுத்து வைத்திருக்கிறேன். செபு, சோழர் விவாதம் ஏற்கெனவே மன்றத்தில் நான்கு இழைகளில் நடந்திருப்பதால் அதை அவற்றுள் ஒன்றில் தொடரவும்.